கேள்வி – பதில்: பர்மாவின் முதல் மௌனப்படம் எங்கே போயிற்று?

கேள்வி: பர்மாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படத்தை என் பாட்டனார் ரங்கூனில் பார்த்ததாக எங்கள் வீட்டில் சொல்வார்கள். இன்று அதைப் பார்க்க வழி உண்டா? அத்தனை பேர் ரசித்த படத்தை ஏன் ஒருவரும் காப்பாற்றி வைக்கவில்லை?
– ஒரு வாசகி, மோல்மேன்

பதில்: தங்கள் வீட்டார் சொல்வது ஊ ஓன் மவுங் இயக்கிய ‘மியித்தா நித் துயா’ என்ற படமாகத்தான் இருக்க வேண்டும். ‘அன்பும் மதுவும்’ என்பது அதன் பொருள். 1920 அக்டோபர் 13 அன்று ரங்கூன் ராயல் தியேட்டரில் அது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அந்த நாளே இன்றுவரை பர்மியத் திரைப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. குடியும் சூதும் ஒருவனுடைய வாழ்வைக் குலைத்துவிடுவதைச் சொல்லும் பி. மோ நின்னின் கதையில் ஞி பூ நாயகனாக நடித்தார். அரசியல் தலைவர் துன் ஷெய்னின் இறுதி ஊர்வலத்தை அதற்கு முன்பே படம் பிடித்துக் காட்டியிருந்த ஓன் மவுங், போதிய சாதனங்கள் இல்லாமல், காமிராவை ஓரிடத்தில் நிறுத்திவைத்தே இந்தப் படத்தை எடுத்தார். அந்தக் குறைகளை மீறி மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். தங்கள் முகங்களையும் தங்கள் உடையையும் முதன்முறையாக ஒரு கதைக்குள் கண்டவர்களுக்கு அதைவிடப் பெரிதாக வேறென்ன வேண்டும்?

வருத்தத்தோடு சொல்கிறேன், அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. இதில் அக்காலத்துப் படச்சுருளுக்கே பெரும்பங்கு உண்டு. செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆன அந்தச் சுருள், பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் மெல்லச் சிதையும். அப்போது வெளிவரும் வாயு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அந்தச் சிதைவையே மேலும் விரைவுபடுத்தும். முதலில் உருவங்கள் மங்கும், பிறகு சுருள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பழுப்புப் பொடியாக உதிரும். கீழ்ப் பர்மாவின் வெக்கையும் மாதக்கணக்கில் கொட்டும் மழையும் இதற்கு எவ்வளவு துணைபோகும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேசும்படம் வந்தபின் மௌனப்படத்துக்கு வசூல் மதிப்பும் போய்விட்டது; சுருளில் உள்ள வெள்ளிக்காகப் பழைய படங்களை உருக்கிய வழக்கமும் பல நாடுகளில் இருந்தது. ரங்கூனில் 1941 டிசம்பர் முதல் விழுந்த குண்டுகள் எத்தனை வீடுகளையும் கிடங்குகளையும் அழித்தன என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும்.

இந்த இழப்பு பர்மியர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப்படம் இன்று இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படமும் இல்லை. ஆனால் 1934இல் வெளியான ‘மியா கநைங்’ என்ற பர்மியப் படம் பிழைத்துக்கொண்டது. இத்தாலியில் புதுப்பிக்கப்பட்ட அந்தப் படத்தைத் தாங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பாட்டனார் காலத்துத் திரையை ஓரளவேனும் அது தங்களுக்குக் காட்டும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுப் பரணில் தகர டப்பாக்களில் படச்சுருள்கள் கிடக்கின்றன. போட்டுப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், தட்டோன்

பதில்: தயவுசெய்து புரொஜெக்டரில் ஏற்றிவிடாதீர்கள். நைட்ரேட் சுருள் ஒருமுறை பற்றிக்கொண்டால் நீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான, நிழலான இடத்துக்கு டப்பாக்களை மாற்றுங்கள். மூடியை இறுக்கி அடைக்க வேண்டாம். சுருளின் விளிம்பில் நைட்ரேட் என்றோ சேஃப்டி என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கக்கூடும். புளித்த காடி வாடை வந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்து அசிடேட் சுருள், அதாவது எளிதில் தீப்பற்றாத ‘சேஃப்டி’ வகை. அதை மற்றவற்றிலிருந்து தனியே வையுங்கள். மூடிமேல் ஒட்டிய தாள், கையெழுத்து, எண் ஆகியவற்றைக் கிழிக்காமல் படமெடுத்து, ஒரு படக்காப்பகத்துக்கு எழுதுங்கள். பொடியாகிவிட்டதைக்கூட அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை எறியவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம்.