மருத்துவர் பதில்: அக்காவுக்கு வெடித்த ரத்தக்குழாய் எனக்கும் வெடிக்குமா?

பட்டர்வொர்த் (மலேசியா) சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. ஆனால், மூளை ரத்தக்குழாய் வெடித்து அக்கா இறந்துபோன நாளிலிருந்து உங்களைத் தூங்கவிடாமல் செய்வது, அப்படி வெடிக்கக்கூடிய ரத்தக்குழாய்ப் புடைப்பு உங்கள் தலைக்குள்ளும் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். அதை எம்.ஆர்.ஏ., அதாவது காந்தமும் ரேடியோ அலையும் கொண்டு ரத்தக்குழாய்களைக் காட்டும் படம், எடுத்துப் பார்த்து அறியலாம். அம்மாவும் 52 வயதில் 'திடீர் வாதம்' வந்து இறந்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தோர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரில் இருவருக்கு இந்தப் புடைப்பு இருந்திருந்தால், எந்தத் தொல்லையும் இல்லாதவர்கூடச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே மருத்துவ வழக்கம். அம்மாவுக்கு வந்தது என்னவென்று இனித் தெரியப்போவதில்லை என்றாலும், உங்கள் மருத்துவர் அந்தச் சாத்தியத்தை மனத்தில் வைத்தே இந்தப் படத்துக்குக் குறிப்புக் கடிதம் கொடுத்திருக்கிறார்.

படம் எடுப்பதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அக்காவுக்குத் தலையில் யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் வலி வந்ததாகவும், தைலம் தேய்த்துப் படுத்ததும் மறுநாள் குறைந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் முதல் கசிவாகவே இருந்திருக்கும். அப்போது அது வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அந்தக் குற்ற உணர்வை நீங்கள் சுமக்க வேண்டாம். ஆனால் இனி உங்கள் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி, வாழ்நாளில் இதுவரை கண்டிராத தலைவலி, தனியாக வந்தாலும், வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம் இவற்றில் ஒன்றோடு வந்தாலும், 999ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வலி தானாகத் தணிந்தாலும் போக வேண்டும். ஒரு கண்ணின் இமை திடீரெனத் தொங்கி, கண்பாவை விரிந்து, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும் அப்படியே. அங்கே முதலில் சாதாரண சி.டி. படம் எடுப்பார்கள், வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் அது ஏறக்குறைய எல்லாக் கசிவுகளையும் காட்டிவிடும். பிறகு நேரம் கடக்கக் கடக்க ரத்தம் கரைந்து, கண்டுபிடிப்பது கடினமாகும். அந்த வேளையில் எம்.ஆர்.ஏ. தேதிக்காகக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

மாலை நேரத்தில் நெற்றியைப் பட்டைபோல் இறுக்குகிறது என்று நீங்கள் விவரிக்கும் வலி இந்த வகை அன்று. மாதத்தில் இருபது நாள் பாராசிட்டமோல் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். யாரைக் கேட்டு இத்தனை மாதம் சாப்பிட்டீர்கள்? மருத்துவரிடம் இதைச் சொல்லி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த 'காந்தக் கதிர்வீச்சு' செய்தியை அழித்துவிடுங்கள். எம்.ஆர்.ஏ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை. 'நரம்பில் ஏற்றும் நஞ்சு' என்று அதில் பயமுறுத்தப்படும் கேடோலினியம் என்ற சாய மருந்தும் மூளைத் தமனிகளைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ரேடியோ அலைகள் திரும்பத் திரும்பப் பட்டு, அசையாமல் இருக்கும் திசுக்கள் படத்தில் மங்கிப்போக, அந்த இடத்துக்குள் புதிதாகப் பாய்ந்துவரும் ரத்தம் மட்டும் வெண்மையாகப் பளிச்சிடும். ஓட்டமே அங்கே சாயமாகிறது. மருந்து ஏற்ற நேர்ந்தாலும், கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். உங்கள் சிறுநீரகச் செயல்பாட்டு அளவு இயல்பாக இருக்கிறது.

நீங்கள் அஞ்ச மறந்த ஒன்று உண்டு. பிறை ஊரில் உலோகம் தேய்க்கும் பிரிவில் ஆறு ஆண்டு வேலை செய்திருக்கிறீர்கள். கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் தெறித்திருந்தால், காந்தம் அதை இழுத்துக் கண்ணைக் கிழித்துவிடக்கூடும். முன்கூட்டியே சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். தாலியைக் கழற்ற மனம் வரவில்லை என்கிறீர்கள். உலோகம் படத்தைக் கெடுப்பதோடு சூடேறவும் கூடும் என்பதால் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்கு மஞ்சள் கட்டிய பருத்திக் கயிற்றை அணிந்துகொள்ளலாமா என்று படப்பிரிவில் கேளுங்கள். மூக்குத்தியும் தாயத்தும் அப்படியே கழற்றப்பட வேண்டியவை.

படத்தில் புடைப்பு தெரிந்தால் உடனே தலையைத் திறந்துவிடுவார்கள் என்பதும் வீண் அச்சம். வயதுவந்தோரில் ஏறக்குறைய 100 பேரில் 3 பேருக்கு இப்படி ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதில்லை. 7 மி.மீ.க்குக் குறைவானவற்றைப் பல நேரங்களில் குறிப்பிட்ட இடைவெளியில் படம் எடுத்துக் கண்காணிப்பதே போதும். ஆனால் அதன் இடம், வடிவம், குடும்ப வரலாறு ஆகியவற்றை வைத்து மூளை அறுவை நிபுணர் முடிவு செய்வார். 3 மி.மீ.க்கும் சிறியவை இந்தப் படத்தில் தப்பிவிடக்கூடும் என்பதையும் மறைக்க மாட்டேன். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

குறிப்புக் கடிதம் மூன்று மாதமாகக் கைப்பையில் கிடக்கிறது என்கிறீர்கள். இந்த வாரமே கொடுத்துத் தேதி வாங்குங்கள். தினம் ஒரு பெட்டி சிகரெட் புகைக்கும் உங்கள் தம்பிக்கும் இதே அம்மா, இதே அக்காதான். அவரையும் அந்த மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.