நாற்பத்தைந்தாவது நிமிடம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நூறு நாளில் நூறு ஆல்பம் என்று ஒரு திட்டம் போட்டு, போன வாரம்தான் முடித்தேன். ஜாஸ், மேற்கத்திய செவ்வியல், ஆம்பியன்ட், ஹிப் ஹாப், ஆஃப்ரோபீட், மெட்டல், ஃப்யூஷன் என்று ஒரு வகையையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் முழுதாகக் கேட்டேன். கேட்டு முடித்த கையோடு இரண்டு வரி எழுதி, பத்துக்கு மதிப்பெண்ணும் போட்டேன். அந்தக் குறிப்புகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு ஸ்வரம், தாளம் எதுவும் தெரியாது. இசையறிவு இல்லாத ஒருவன் இப்படி எழுதலாமா? இன்னொன்று, மெட்டல் மட்டும் எனக்குள் இறங்கவே இல்லை. அது என் ரசனையின் குறையா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

எழுதலாம். இசையிலக்கணம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் காது இருக்கிறது. இந்தக் கேள்விக்கு உங்கள் குறிப்பிலேயே பதில் இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' பற்றி எழுதியிருக்கிறீர்கள்: "ஒரே சொல்லை வீடு வீடாகப் போய் வாசலில் நின்று சொல்லிப் பார்க்கிறார்." 1964 டிசம்பரில் பதிவான அந்த ஆல்பத்தின் முதல் பகுதியில், நான்கு ஸ்வரத் துணுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு சுருதிகளிலும் வைத்து வாசிக்கிறார் அவர். இசை படித்தவர்கள் இதைக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். கணக்கு தெரியாமலே நீங்கள் அந்த வாசல்களைப் பார்த்துவிட்டீர்கள். உங்கள் வரியைப் படித்ததும் எழுந்துபோய் அதை மறுபடி போட்டுக் கேட்டேன்.

ஆனால் அந்த வரிக்குக் கீழேயே "10க்கு 7½" என்று போட்டிருக்கிறீர்களே, மீதி இரண்டரையைக் கோல்ட்ரேன் எந்த வாசலில் தொலைத்தார்?

மதிப்பெண் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம். ஆம்பியன்ட், அதாவது பின்னணியில் மெல்லத் தவழும் இசை, அதைச் செய்த பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' பற்றி "ஒன்றுமே நடக்கவில்லை, 10க்கு 3" என்கிறீர்கள். 1978இல் அந்த ஆல்பத்துக்கு எழுதிய குறிப்பிலேயே அவர் சொல்லிவிட்டார், இந்த இசையைக் கவனித்தாலும் சுவைக்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் பாதகம் இருக்கக் கூடாது என்று. வெவ்வேறு நீளத்தில் நாடாக்களை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டு, குரல்கள் தாமாக ஒன்றையொன்று கடந்துபோகும்படி செய்திருக்கிறார். ஒன்றும் நடக்காமலிருக்க அவ்வளவு பாடுபட்ட மனிதருக்கு, ஒன்றும் நடக்கவில்லை என்று மூன்று மார்க்! இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாகச் செய்த 'ஹௌ டு நேம் இட்' உங்கள் பட்டியலில் "ஃப்யூஷன், 10க்கு 7" என்று கிடக்கிறது. இதற்கு எப்படிப் பெயர் வைப்பது என்று அவர் தலைப்பிலேயே கேட்கிறார். நீங்கள் ஒரே சொல்லில் பெயர் வைத்துப் பெட்டியையும் மூடிவிட்டீர்கள்.

சரி, இதையெல்லாம் சொல்ல நான் பதில் எழுத உட்காரவில்லை. உங்கள் பட்டியலில் முப்பத்தொன்றாவதாக இருக்கும் வரிதான் என்னை உட்கார வைத்தது. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. "இனிமை. வேலை பார்க்கும்போது ஓடவிடலாம். முடிவு கொஞ்சம் இழுவை."

முடிவு இழுவை. அந்த முடிவை நான் பன்னிரண்டு வருடம் கேட்டதே இல்லை.

என்னிடம் இருந்தது ஒரு கேசட். தொண்ணூறு நிமிட நாடா, பக்கத்துக்கு நாற்பத்தைந்து. நண்பன் ஒருவன் தன்னிடமிருந்த எல்.பி. தட்டிலிருந்து பதிவுசெய்து கொடுத்தான். ஆல்பத்தின் நீளம் நாற்பத்தைந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதோடு அவன் ஒரு வேலை செய்தான். தட்டின் முதல் பக்கம் முடிந்ததும் பதிவை நிறுத்தாமல், நாடாவை ஓடவிட்டபடியே எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டான். மூன்றாவது பாட்டு அடங்கியதும் நாற்காலி நகரும் சத்தம், நான்கைந்து காலடிகள், ஊசி இறங்கும்போது ஒரு கரகரப்பு, அதன் பிறகுதான் 'ஆல் ப்ளூஸ்' தொடங்கும். இதில் போன நேரம் கடைசியில் இடித்தது. ஆல்பத்தின் இறுதிப் பாட்டான 'ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்' முடிவதற்குள் நாடா தீர்ந்துவிட்டது.

அந்தப் பாட்டுக்கு எழுதி வைத்த மெட்டு கிடையாது. ஐந்து ஸ்வரவரிசைகள் மட்டும் வரிசையாக உண்டு. வாசிப்பவர் ஒவ்வொன்றிலும் தனக்கு வேண்டிய மட்டும் தங்கியிருந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முதலில் மைல்ஸ், பிறகு சாக்ஸஃபோனில் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பியானோவில் பில் எவன்ஸ், கடைசியாக மறுபடி மைல்ஸ். வாயடைப்பு போட்ட ட்ரம்பெட்டில் அவர் திரும்பி வந்து ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொட்டு நீட்டுவார். டக். பொத்தான் எகிறிவிடும். அறையில் ஒரு சத்தமும் இருக்காது.

மரணம் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்.

பிறகு குறுந்தகடு வாங்கினேன். அந்த ஸ்வரம் வந்தது, நீண்டது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவர் பாட்டுக்கு அடுத்த ஸ்வரத்துக்குப் போனார். அதற்கும் அடுத்ததற்குப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. என் பாட்டில் யாரோ புகுந்து மிச்சத்தை எழுதியதுபோல இருந்தது. அன்று என்னை மார்க் போடச் சொல்லியிருந்தால் நானும் "முடிவு இழுவை" என்றுதான் எழுதியிருப்பேன். நாலைந்து மாதம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே அந்த மிச்சம் என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. இன்று அதுதான் எனக்கு ஆல்பம் முழுவதிலும் பிடித்த இடம்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த ஆல்பம் 1959இல் இரண்டே நாட்களில் பதிவானது, மார்ச் 2, ஏப்ரல் 22. முதல் நாள் ஒலிப்பதிவு எந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் தட்டில் ஏறியபோது முதல் மூன்று பாட்டுகளும் கொஞ்சம் வேகமாக, சுருதி கூடி ஒலித்தன. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு அந்தப் பாட்டுகளில் மட்டும் சுருதி ஒத்துவராது. 1992இல்தான் வேகத்தைச் சரிசெய்து வெளியிட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் உலகமே அந்தப் பக்கத்தைத் தவறான சுருதியில் ரசித்திருக்கிறது. முதல் பாட்டான 'ஸோ வாட்'டைச் சரியான சுருதியில் முதலில் கேட்டபோது எனக்கு அது தூக்கக் கலக்கத்தில் வாசித்ததுபோலத் தெரிந்தது. இப்போது பழையது அவசரமாகத் தெரிகிறது.

அதனால்தான் சொல்கிறேன், முதல் தடவை கேட்பதை நம்பாதீர்கள். முதல் தடவையில் நாம் கேட்பது பாதி ஆல்பம், பாதி நாம். அன்றைய தலைவலி, அதற்கு முன்பு கேட்டு முடித்த பாட்டு, கையில் இருக்கும் கருவி எல்லாம் அதில் கலந்திருக்கும். இரண்டாவது தடவை அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரிந்திருக்கும், பதற்றம் குறையும். மூன்றாவது தடவைதான் பேஸ் வாசிப்பவர் ஒருவர் இருப்பதே தெரியவரும். நூறு நாளில் நூறு ஆல்பம் கேட்டேன் என்கிறீர்கள். நூறு பேர் வீட்டுக்குப் போய்ப் பெயர் மட்டும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், தம்பி. அதில் சிலருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேறு.

கேட்பவனை விடுங்கள், வாசித்தவருக்கே ஒரு தடவை போதவில்லை. பியானோ கலைஞர் கிளென் கோல்ட் 1955இல், தன் இருபத்திரண்டாவது வயதில், பாஹின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' பதிவுசெய்தார். முப்பத்தெட்டு நிமிடத்தில் பறந்து முடித்தார், அந்தத் தட்டுதான் அவருக்குப் புகழ் கொடுத்தது. 1981இல் அதே படைப்பை மறுபடி பதிவுசெய்தார். இந்தத் தடவை ஐம்பத்தொரு நிமிடம். தொடக்கத்து மெட்டு அவ்வளவு நிதானமாக வரும், அடுத்த ஸ்வரம் வருமா என்று கேட்பவனுக்கே சந்தேகம் வரும். அது வெளியானது 1982இல், அந்த வருட அக்டோபரிலேயே அவர் இறந்துபோனார். உங்கள் பட்டியலில் 1955 மட்டும்தான் இருக்கிறது. "வேகம் அருமை, 10க்கு 9." இரண்டாவதைக் கேட்டுவிட்டு அந்த ஒன்பதை என்ன செய்வதாக உத்தேசம்?

ஒரு காரியம் செய்யுங்கள். பட்டியலில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பத்து ஆல்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு நாளும் அந்தப் பத்து மட்டும். எழுதுங்கள், நிறைய எழுதுங்கள், வீடு வீடாகப் போன வரி மாதிரி எழுதுங்கள். எண் போடாதீர்கள்.

அப்புறம், மெட்டல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். குறையெல்லாம் ஒன்றுமில்லை. பிளாக் சாபத் என்ற மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தபோது, வலக்கையின் நடு விரல்கள் இரண்டின் நுனி எந்திரத்தில் போய்விட்டது. இடக்கைப் பழக்கமுள்ளவர், தந்தியை அழுத்த வேண்டிய கை அந்த வலக்கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி வாசித்தார். பிறகு தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அந்தத் தளர்ந்த தந்திகளின் கனத்தைக் கேட்கலாம். உங்கள் பத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பிடிக்க ஆறு வருடம் ஆயிற்று.

அன்புடன்.

பி.கு.: போன வாரம் பழைய பெட்டியைக் கிளறியபோது அந்தக் கேசட் கிடைத்தது. நாடா ஒட்டிப்போயிருக்கிறது, ஓடாது. இப்போது போனில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கேட்கிறேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் நான்காவது உடனே தொடங்கிவிடுகிறது. அந்தக் காலடிகள் வரவில்லையே என்று ஒரு கணம் திடுக்கிடுகிறது.