ஸ்கேன் ரிப்போர்ட் வேறு, ஸ்கேன் வேறு

கேள்வி: அம்மாவுக்கு 2 வருடங்களுக்கு முன் கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் குடலில் ஒப்பரேஷன் நடந்தது. போன மாதம் தனியார் நிலையமொன்றில் சிடி ஸ்கேன் எடுத்தோம். இப்போது சென்னையில் இன்னொரு டொக்டரிடம் காட்டப் போகிறோம். அவர் "ஸ்கேனை முழுசா அனுப்புங்க, ஒப்பரேஷன் நோட்டும் பயொப்ஸி ஸ்லைடும் வேணும்" என்கிறார். எங்களிடம் இருப்பது ஒரு ரிப்போர்ட், இரண்டு பிலிம், கிளினிக் கொப்பி, அவ்வளவுதான். மிச்சத்தை யாரிடம், எப்படிக் கேட்பது? – வெள்ளவத்தை வாசகி

பதில்: முதலில் ஸ்கேனை எடுங்கள். நாள் போகப் போகக் கைநழுவுவது அதுதான். ஒப்பரேஷன் நோட் கடதாசியில் இருக்கிறது, இன்னும் ஒரு மாதம் காத்திருக்கும்.

உங்களிடம் உள்ள ரிப்போர்ட், ஸ்கேனைப் பார்த்து ஒரு கதிரியல் நிபுணர் எழுதிய கருத்து. பிலிம், அதிலிருந்து பொறுக்கி அச்சடித்த சில படங்கள். சென்னை டொக்டர் கேட்பது இவை இரண்டையும் அல்ல. மெஷின் எடுத்த மூலப் படங்களைத்தான் கேட்கிறார். அவை 'டைகொம்' என்ற வடிவத்தில் கணினியில் கிடக்கும். அந்த வடிவத்தில் இருந்தால்தான் ஒரே படத்தை நுரையீரலுக்கு ஒரு வெளிச்சத்திலும் எலும்புக்கு இன்னொரு வெளிச்சத்திலும் மாற்றிப் பார்க்கலாம், கட்டியை மில்லிமீற்றரில் அளக்கலாம். பிலிமைச் சன்னலில் பிடித்துப் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் இவை எதுவும் நடக்காது.

கேட்கும்போது ஒரு சொல் முக்கியம்: 'தின் ஸ்லைஸ்', அதாவது உடலை மெல்லிய வெட்டு வெட்டாகக் காட்டும் படங்கள். நெஞ்சிலிருந்து இடுப்பு வரை ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீற்றருக்கு ஒன்றாக வெட்டினால் 130 படம், 1 மில்லிமீற்றருக்கு ஒன்றாக வெட்டினால் 650. தடித்த வெட்டை மட்டும் பதிந்து கொடுத்துவிடுவது வழக்கமான தவறு. மெல்லிய வெட்டுகள் இடத்தை அடைப்பதால் பல இடங்களில் அவற்றை நிரந்தரக் களஞ்சியத்துக்கு அனுப்புவதே இல்லை. மெஷினின் கணினியிலேயே கிடந்து, புது நோயாளிகளின் படங்கள் வர வர அழிந்துபோகும். போன மாத ஸ்கேன் என்றால் நாளைக்கே போங்கள்.

கவுன்டரில் 'சிடியை சிடியில் தாங்க' என்று கேட்டால் சிடி ஸ்கேனும் இறுவட்டும் குழம்பும். 'டிஸ்க்' என்று சொல்லுங்கள். 'ஃபுல் டைகொம், தின் ஸ்லைஸோட எல்லா சீரீஸும்' என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேன் என்றால் ஏற்றுமுன், ஏற்றியபின் எடுத்தவை தனித்தனி சீரீஸாக இருக்கும். எல்லாமே வரவேண்டும். பில்லும் அம்மாவின் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். அம்மா வரமுடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் உங்கள் அடையாள அட்டையும் வேண்டும். மகள் என்பது மட்டும் போதாது. டிஸ்க்குக்குத் தனிக்கட்டணம் கேட்கக்கூடும். பென் டிரைவை நீட்டினால் வைரஸுக்குப் பயந்து பெரும்பாலும் மறுப்பார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

வாங்கியவுடன் வீட்டில் ஒரு கணினியில் போட்டுப் பாருங்கள். படம் தெரிகிறதா என்பதை விட, எத்தனை கோப்பு, எவ்வளவு கனம் என்று பாருங்கள். சாதாரண சிடி படம் ஒன்று அரை மெகாபைட் வரும், ஆகவே 600 படம் என்றால் சுமார் 300 மெகாபைட். கோப்புகளின் பெயருக்கு '.jpg' போன்ற வால் எதுவும் இல்லாமல் வெறும் எண்களாக இருக்கலாம், அது சரிதான். டிஸ்க்கில் ஏழெட்டு மெகாபைட்டுக்குச் சில ஜேபெக் படங்கள் மட்டும் இருந்தால் அது பிலிமின் நகல். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். டிஸ்க்கோடு வரும் பார்வை மென்பொருள் மெக் கணினியில் பெரும்பாலும் ஓடாது. அதற்கு 'ஹோரோஸ்' போன்றதொன்று வேண்டும், விண்டோஸுக்கு 'மைக்ரோடைகொம்' போதும். படத்தின் மூலையில் உள்ள பெயர், வயது, திகதியையும் ஒருமுறை வாசியுங்கள்.

அனுப்புவதென்றால் டிஸ்க்கில் உள்ள முழுக் கோப்புறையையும் அப்படியே கொப்பி பண்ணி, ஒரு கோப்பின் பெயரையும் மாற்றாமல், 'ஸிப்' ஆக்குங்கள். வட்ஸ்அப்பில் 'டொகியுமென்ட்' ஆக 2 கிகாபைட் வரை போகும். படமாக அனுப்பாதீர்கள்.

இனி அரச ஆஸ்பத்திரி. வார்டில் இருந்தபோது கட்டிலோடு தொங்கிய கோப்பு, எல்லோரும் 'டிக்கெட்' அல்லது பீ.எச்.டீ. (BHT, பெட் ஹெட் டிக்கெட்) என்று சொல்வது, ஆஸ்பத்திரியின் ஆவணம். டிஸ்சார்ஜ் ஆனதும் அது ரெக்கோட் ரூமுக்குப் போய்விடும், உங்களுக்கு டயக்னோசிஸ் கார்ட்தான் தருவார்கள். மூலத்தைத் தரமாட்டார்கள், தரவும் தேவையில்லை. பிரதி போதும். முழு டிக்கெட்டையும் கேட்டால் தாதியர் அட்டவணை முதற்கொண்டு நூறு பக்கம் தேடிப் பிரதியெடுக்க வேண்டும், அங்கேதான் வேலை இழுபடும். ஒப்பரேஷன் நோட், ஹிஸ்டோலொஜி ரிப்போர்ட் (வெட்டியெடுத்த சதையைச் சோதித்து எழுதியது) இரண்டையும் மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கிட்டிய வழி கிளினிக்தான். அம்மா காட்டும் கிளினிக்கில், வெளிநாட்டில் காட்டப் பிரதி தேவை என்று டொக்டரிடம் சொல்லி, கிளினிக் கொப்பியிலோ ஒரு கடிதத்திலோ எழுதி வாங்குங்கள். அதோடு பணிப்பாளருக்கு ஒரு கடிதம். நீட்டி எழுதத் தேவையில்லை:

"நான் இன்ன வார்டில் இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை சிகிச்சை பெற்றேன். எனது பீ.எச்.டீ. இலக்கம் இது. எனது ஒப்பரேஷன் நோட், ஹிஸ்டோலொஜி ரிப்போர்ட் ஆகியவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளைத் தந்துதவவும். என் சார்பில் பெற்றுக்கொள்ள என் மகளுக்குச் சம்மதம் அளிக்கிறேன்."

கையெழுத்து அம்மாவுடையது. இலக்கமும் வார்டும் டயக்னோசிஸ் கார்டில் உண்டு. தமிழில் எழுத உங்களுக்கு அரசியலமைப்பின்படி உரிமை இருக்கிறது, கொழும்பிலும்தான். ஆனாலும் ரெக்கோட் ரூமில் தேடப்போவது ஆங்கிலப் பதிவை. ஆகவே பெயரையும் இலக்கங்களையும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். 'கிடைக்கவில்லை' என்ற பதிலுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது எழுத்துக்கூட்டல். சிவகாமி என்பதை ஒருவர் 'ஜி' போட்டும் இன்னொருவர் 'கே' போட்டும் எழுதியிருப்பார், தகப்பன் பெயர் முன்னால் வந்திருக்கும், கணவன் பெயர் பின்னால் போயிருக்கும். கார்டில் எப்படி இருக்கிறதோ, பிழையாக இருந்தாலும் அப்படியே எழுதி, அடையாள அட்டைப் பெயரைப் பக்கத்தில் குறிப்பிடுங்கள். அம்மா அடையாள அட்டையைப் புதுப்பித்திருந்தால் பழைய 9 இலக்க எண்ணையும் புதிய 12 இலக்க எண்ணையும் இரண்டையும் கொடுங்கள்.

கடிதத்தின் பிரதியில் கிடைத்ததாக முத்திரையும் திகதியும் வாங்குங்கள். இழுத்தடித்தால் அடுத்த படி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒருவரின் மருத்துவப் பதிவுகளைப் பிறருக்குக் கொடுப்பதைத்தான் அது மறுக்கிறது. சம்பந்தப்பட்டவரே எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை நீங்கிவிடும். விண்ணப்பதாரி இலங்கைப் பிரஜையாக இருக்கவேண்டும், ஆகவே வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அந்நாட்டுப் பிரஜாவுரிமைக்கு மாறியிருந்தால் அவர் பெயரில் போடாதீர்கள். அம்மா பெயரிலேயே, ஆஸ்பத்திரியின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எங்கள் கருத்தில் இதை முதல் நாளே தூக்கவேண்டாம். ரெக்கோட் ரூமில் இரண்டு மூன்று நாளில் முடியக்கூடிய வேலை, சட்டக் கோப்பானதும் வாரக்கணக்கில் நீளும்.

தனியார் நிலையத்துக்கு இந்தச் சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. அங்கே முகாமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையிடம் முறையிடலாம்.

பயொப்ஸி ஸ்லைட், அதாவது சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு, ரெக்கோட் ரூமில் இருக்காது. அது நோயியல் ஆய்வுகூடத்தில், ஹிஸ்டோலொஜி ரிப்போர்ட்டின் தலையில் உள்ள ஆய்வுகூட இலக்கத்தின்கீழ் இருக்கும். அந்த இலக்கம் இல்லாமல் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள், ஆகவே ரிப்போர்ட் பிரதி முதலில். ஸ்லைட் போதுமா, சதையை மெழுகில் பதித்த 'ப்ளொக்' வேண்டுமா என்று சென்னையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதுச் சாயமிட்டுச் சோதிக்க நினைத்தால் ப்ளொக் வேண்டும். இரண்டுக்கும் டொக்டரின் கடிதம் கேட்பார்கள், திருப்பித் தருவதாகக் கையெழுத்தும் வாங்கக்கூடும். ப்ளொக்கையும் பிலிமையும் மத்தியான வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப் போகாதீர்கள். மெழுகு இளகும், வெப்பத்தில் அச்சிடும் வகைப் பிலிம் கறுத்துப்போகும். பயணத்தில் இவற்றைக் கைப்பையில் வையுங்கள், ஸ்கேனின் இன்னொரு பிரதி வீட்டில் பென் டிரைவில் இருக்கட்டும்.