எலினோரும் மேரியனும்: கேள்விகள் உங்களுடையவை, பதில்கள் என்னுடையவை

ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ பற்றி ஆளுக்கொரு கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். பாதிப் பேருக்குக் கோபம், பாதிப் பேருக்கு அழுகை. இந்த நாவலை நான் கல்லூரி நாளிலிருந்து திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன், அதனால் முடிந்தவரை சொல்கிறேன். முடிவு முதலிலேயே தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதையை மறந்தவர்களுக்காக: இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் நார்லண்ட் என்று ஒரு பெரிய எஸ்டேட். அப்பா போனதும் அது மூத்த தாரத்து மகன் ஜானின் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் தாரமும் அவருடைய மூன்று பெண்களும், அதாவது எலினோர் (19), மேரியன் (16), மார்கரெட் (13), டெவன்ஷயரில் உறவுக்காரர் ஒருவர் கொடுத்த சின்ன வீட்டுக்குக் குடிபோகிறார்கள். எலினோருக்கு எட்வர்ட் ஃபெராஸ் மேல் பிரியம். அவன் ஜானின் மனைவி ஃபேனியின் உடன்பிறந்தவன். அவனுக்கோ லூசி என்ற பெண்ணோடு நாலு வருஷமாக ரகசிய நிச்சயதார்த்தம். மழையில் கால் பிசகி விழுந்த மேரியனைத் தூக்கிக்கொண்டு வந்த வில்லபியிடம் அவள் மனசைக் கொடுக்கிறாள். அவன் 50,000 பவுண்டு சொத்துள்ள வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, அவளை மனசுக்குள் விரும்பிக்கொண்டு, 35 வயது கர்னல் பிராண்டன்.

அக்கா, ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ பத்து தடவை பார்த்தாச்சு. நாவலையும் படிக்கணுமா? (மதுரை வாசகர்)

கட்டாயம் படிக்க வேண்டும் தம்பி. ராஜீவ் மேனன் 2000-ல் அந்தக் கதையைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவந்தது எனக்கும் ரொம்பப் பிடிக்கும். சொத்து கைமாறி வீட்டை விட்டு வெளியேறும் வலி நம் ஊரில் அப்படியே பொருந்திப்போனது. ஆனால் அஜித் நடித்த மனோகர் சினிமா இயக்குநராகத் துடிக்கிறவன். அவனுக்கு ரகசிய நிச்சயதார்த்தம் எதுவும் கிடையாது. அப்படியென்றால் லூசி இல்லை. லூசி இல்லாவிட்டால் தபுவின் அக்கா பாத்திரம் சுமக்கும் பாரமே வேறு. படத்தில் அவள் காத்திருக்கிறாள். நாவலில் தன் காதலனின் வருங்கால மனைவி தன்னிடமே வந்து ரகசியம் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

நகைச்சுவை நாவல் என்கிறார்கள். எனக்கு எங்கேயும் சிரிப்பு வரவில்லையே? (சென்னை வாசகி)

இரண்டாம் அத்தியாயத்தை மறுபடி எடுங்கள். அவசரமில்லாமல், முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். சாகக் கிடக்கும் அப்பாவுக்கு ஜான் வாக்குக் கொடுத்திருக்கிறான், சித்தியையும் தங்கைகளையும் பார்த்துக்கொள்வதாக. தங்கைக்கு ஆயிரம் வீதம் 3,000 பவுண்டு கொடுத்துவிடுவது என்று மனசார முடிவு செய்துவிட்டுத்தான் மனைவியிடம் வருகிறான். ஃபேனி எதிர்த்து ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. நம் குழந்தைக்குக் குறையுமே என்கிறாள், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்ன என்கிறாள். தொகை ஆளுக்கு ஐந்நூறு ஆகிறது. அதுவும் வேண்டாம், சித்திக்கு வருஷத்துக்கு நூறு கொடுத்துவிடலாம் என்கிறான் அவன். வருஷா வருஷம் பணம் வருகிறது என்றால் மனுஷர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள் இவள், மாமியாருக்கு நாற்பதுகூட ஆகவில்லை என்று கணக்கும் போடுகிறாள். சரி, அவ்வப்போது ஐம்பது. கடைசியில் வீடு மாற்ற ஒத்தாசை, பருவத்துக்குக் கொஞ்சம் மீனும் வேட்டைக் கறியும், அவ்வளவுதான். அப்புறமும் விடவில்லை, அவர்கள் எடுத்துப்போகும் பீங்கான் பாத்திரம் நம்முடையதைவிட அழகாக இருக்கிறதே என்று ஃபேனிக்கு வயிறு எரிகிறது. ஒரு அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் பேசும் பேச்சுதான் முழுக்க. மூவாயிரம் கரைந்து ஒன்றுமில்லாமல் போகிறது, அவனோ தான் நியாயமாக நடந்துகொண்டதாக முழு மனசோடு நம்பி எழுந்து போகிறான்.

எனக்குச் சிரிப்பு வரும், உடனே தொண்டையும் அடைக்கும், ஏனென்றால் பாகப்பிரிவினை நடந்த எந்த வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம். அண்ணன் தங்கைக்குள் நடந்த இந்தக் கணக்குதான் பின்னால் வரும் காதல் தொல்லை அத்தனைக்கும் வேர். அந்த மூவாயிரம் வந்திருந்தால் மேரியன் வெறும் ஆயிரம் பவுண்டுக்காரியாக வில்லபியின் முன்னால் நின்றிருக்க மாட்டாள்.

எலினோர் கல் நெஞ்சுக்காரி. அழவே மாட்டேன் என்கிறாளே? (கோவை வாசகி)

நீங்கள் சொல்லும் எலினோரை என் அம்மா ‘அழுத்தக்காரி’ என்பார். அழுத்தக்காரி வேறு, கல் நெஞ்சு வேறு. லூசி தன் நிச்சயதார்த்தத்தைச் சொல்லிவிட்டு யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொள்கிறாள். எலினோர் அந்த வாக்கை நாலு மாசம் காப்பாற்றுகிறாள். அந்த நாலு மாசமும் பக்கத்துப் படுக்கையில் தங்கை வில்லபிக்காக ராப்பகலாக அழுகிறாள், அவளுக்குத் தேறுதல் சொல்வதும் இவள்தான்.

விஷயம் வெளியே வெடித்த பிறகு, 37-ஆம் அத்தியாயத்தில், மேரியன் கேட்கிறாள்: இது உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்? நாலு மாசமாக என்கிறாள் எலினோர். அந்தப் பதிலைக் கேட்டு மேரியன் அதிர்ந்துபோய் நிற்கும் இடம்தான் என் கணக்கில் இந்த நாவலின் மிகப் பெரிய காதல் காட்சி, அதில் ஆண் யாரும் கிடையாது. உனக்கு அவ்வளவு ஆழமாகப் பட்டிருக்காது, அதனால்தான் தாங்கினாய் என்கிறாள் தங்கை. அப்போதுதான் அக்கா வாய் திறக்கிறாள். ஒரு நாள், ஒரு இரவு விடாமல் தான் என்ன பட்டாள் என்று முதல்முறையாகச் சொல்கிறாள். கேட்டு மேரியன் உடைந்து அழ, அடிபட்ட அக்காவே அங்கேயும் தங்கையைத் தேற்ற வேண்டியிருக்கிறது. எத்தனை தடவை படித்தாலும் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

எட்வர்ட் ஒரு சப்பை. எலினோருக்கு இவனா? (திருச்சி வாசகர்)

இந்தக் கேள்வியை ஏழு பேர் அனுப்பியிருக்கிறீர்கள்! அவன் பளபளப்பானவன் இல்லைதான், பேசவும் வராது. நிச்சயதார்த்தத்தை மறைத்துக்கொண்டு எலினோரிடம் நெருங்கிப் பழகியது தப்பு, அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அம்மா 30,000 பவுண்டு பெண்ணைக் காட்டி, லூசியை விடாவிட்டால் சொத்து இல்லை என்று மிரட்டும்போது, காதல் எப்போதோ வற்றிப்போன ஒருத்திக்குக் கொடுத்த வார்த்தைக்காக மொத்தச் சொத்தையும் விட்டுவிட்டு வெளியே வருகிறான். வில்லபியைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், ஆள் யார் என்று தெரியும்.

அப்புறம் அந்தக் கத்தரிக்கோல். மிஸ்டர் ஃபெராஸுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று வேலைக்காரர் வந்து சொல்லியாகிவிட்டது. எட்வர்ட்தான் என்று வீடே நம்புகிறது. அவனே ஒரு நாள் குதிரையில் வந்து இறங்குகிறான். எல்லோரும் மழை, வெயில் என்று ஏதோ பேசுகிறார்கள். லூசியைக் கட்டியது தான் இல்லை, தன் தம்பி ராபர்ட் என்று சொல்லும்போது அவன் கை அங்கே கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, அதன் உறையையே துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருக்கிறது. தான் செய்வது அவனுக்கே தெரியவில்லை. எலினோர் அறையை விட்டு ஓடாத குறையாக வெளியே போய், கதவு சாத்தியதும் ஆனந்தத்தில் குமுறி அழுகிறாள். கோவை அம்மா, உங்கள் அழுகை இங்கேதான் இருக்கிறது.

லூசி வில்லியா, சாமர்த்தியசாலியா? (யாழ்ப்பாண வாசகி)

இரண்டும்தான். காசில்லாத பெண், கையில் இருப்பது வாய் சாமர்த்தியம் மட்டும். எட்வர்டை விட்டுவிடும்படி பேச வந்த ராபர்ட்டையே வளைத்துப்போட்டவள் அவள், சொத்தும் அப்போது அவன் பக்கம் போயிருந்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் ரசிக்கிறேன். ஆனால் ஓடிப்போவதற்கு முன்னால் சொந்த அக்கா நான்சியின் காசை முழுக்கக் கடன் வாங்கிக்கொண்டு போகிறாளே, அவளிடம் ஏழு ஷில்லிங்கூட மிஞ்சவில்லையே, அதை மன்னிக்க முடியவில்லை. இத்தனைக்கும் நான்சி வாய் ஓட்டை, தங்கை நிச்சயதார்த்தத்தை ஃபேனியிடம் உளறிக் கொட்டியதே அவள்தான்! இந்த அக்கா தங்கையையும் எலினோர் மேரியனையும், எட்வர்டையும் ராபர்ட்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கூடப் பிறந்தவரிடம் எப்படி நடந்துகொள்கிறாரோ அப்படித்தான் அந்த ஆள் காதலிலும் நடப்பார், ஆஸ்டின் ஒவ்வொரு வீட்டிலும் இதைக் காட்டிக்கொண்டே போகிறார்.

ராத்திரியில் வந்து கெஞ்சும் வில்லபியை மன்னிக்கலாமா? (பெங்களூரு வாசகர்)

நான் மன்னிக்கவில்லை. காலை எட்டு மணிக்கு லண்டனில் கிளம்பி, வழியில் பத்தே நிமிஷம் இறங்கி, மேரியன் சாகக் கிடக்கிறாள் என்று பதறி வருகிறான், அது உண்மையான பதற்றம்தான். எலினோருக்கே மனசு இளகுகிறது. ஆனால் அவன் கெடுத்துக் கைவிட்ட எலைசா என்ற இளம்பெண்ணைப் பற்றிப் பேச்சு வரும்போது, பழியில் பாதியை அவள் தலையிலேயே வைக்கிறான். எனக்கு அங்கேயே விட்டுப்போய்விட்டது. 1995-ல் வந்த ஆங்கிலப் படத்தில் இந்த வருகையே கிடையாது, அதைப் பார்த்தவர்கள் இந்த அத்தியாயத்துக்காகவாவது (44) நாவலை எடுங்கள்.

மேரியனை 35 வயசு ஆளுக்குக் கட்டிவைத்தது அநியாயம் இல்லையா? (சிங்கப்பூர் வாசகி)

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. அந்த வயசுக்காரர், உடம்பு வலிக்கு ஃபிளானல் உள்சட்டை போடுகிறவர் என்று முதலில் சிரித்தவளே அவரைத்தான் 19 வயசில் கட்டுகிறாள். பிரச்சினை வயசைவிட எழுத்தில் என்று நினைக்கிறேன். வில்லபியிடம் அவள் மயங்கியதைப் பக்கம் பக்கமாக எழுதியவர், பிராண்டனிடம் அவள் மனம் திரும்பியதைக் கடைசி அத்தியாயத்தில் சில வரிகளில் முடித்துவிடுகிறார். குடும்பமே சேர்ந்து அவருக்கு அவளைப் பரிசாகக் கொடுப்பதுபோல ஒரு தொனி. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்றாவது எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் நாவலின் கடைசி வாக்கியம் எதைப் பற்றி என்று கவனித்தீர்களா? எட்வர்ட் பாதிரியாராக இருப்பது பிராண்டனின் எஸ்டேட்டான டெலஃபோர்டில்தான். அக்கா தங்கை இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில், தங்களுக்குள் சண்டை இல்லாமல், கணவன்மாருக்குள்ளும் மனக்கசப்பு வராமல் வாழ்ந்தார்கள் என்று முடிக்கிறார். பிராண்டனிடம் மேரியன் போனதை நான் பாதிதான் நம்புகிறேன், எலினோரின் பக்கத்தில் அவள் போய்ச் சேர்ந்ததை முழுசாக நம்புகிறேன்.

மிஸஸ் ஜென்னிங்ஸ் உங்களுக்குப் பிடிக்குமா? (சேலம் வாசகி)

உயிர்! லண்டனில் அக்கா தங்கையைத் தன் வீட்டில் தங்கவைத்துக்கொள்கிறவர், முதலில் வம்பளக்கும் கிழவியாகத்தான் தெரிவார். காதல் முறிந்து கிடக்கும் மேரியனுக்கு, தன் மறைந்த கணவரின் மூட்டுவலிக்குக் கேட்ட பழைய கான்ஸ்டான்ஷியா ஒயினைத் தூக்கிக்கொண்டு வருகிறார். மேரியன் தூங்கிவிட்டாள் என்று எலினோர் அதை வாங்கித் தானே குடிக்கிறாள். இரண்டு பேருக்கும் நெஞ்சு உடைந்திருக்கிறது, அது தெரியாமலே கிழவி சரியான ஆளுக்குத்தான் மருந்து கொடுத்திருக்கிறார்.

ஆஸ்டினுக்கு அக்கா தங்கை இருந்தார்களா? (புதுச்சேரி வாசகர்)

ஒரே அக்கா, கசாண்ட்ரா. அவருக்கு நிச்சயமானவர் 1797-ல் மேற்கிந்தியத் தீவுகளில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கையும் செய்துகொள்ளவில்லை. 1811 ஏப்ரலில், நாவல் அச்சில் இருந்தபோது, பால்குடிக் குழந்தையை அம்மா மறப்பாளா, அப்படித்தான் இதை நான் மறக்க முடியாது என்று அக்காவுக்குத்தான் கடிதம் எழுதினார். அக்டோபர் கடைசியில் மூன்று பாகமாக வந்தது, விலை 15 ஷில்லிங். பெயர் போடவில்லை, ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று மட்டும் இருந்தது. முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்து அவருக்கு 140 பவுண்டு லாபம் கிடைத்தது.

மார்கரெட் எதற்கு? (திருநெல்வேலி வாசகர்)

அக்காவின் ஆள் பெயர் ‘எஃப்’-இல் ஆரம்பிக்கும் என்று விருந்தாளிகள் முன்னால் போட்டு உடைக்க ஒரு கடைக்குட்டி வேண்டாமா? எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

நானும் தங்கையும் சேர்ந்து படிக்கிறோம். அவள் மேரியனாம், நான் எலினோராம், ஒரே சண்டை. யார் சரி? (தஞ்சாவூர் வாசகி)

இந்தச் சண்டை நாவல் வந்த நாளிலிருந்தே நடக்கிறது. 1812 ஜனவரியில் இங்கிலாந்து இளவரசி சார்லட் படித்துவிட்டு, எனக்கும் மேரியனுக்கும் குணம் ஒன்று என்று தோழிக்கு எழுதினார். அப்போதுதான் அவருக்கு 16 முடிந்திருந்தது, மேரியனின் வயசேதான். ஒன்று செய்யுங்கள். 37-ஆம் அத்தியாயத்துக்கு வரும்போது பேச்சுகளைப் பிரித்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள், ஆனால் எலினோரின் பேச்சைத் தங்கை படிக்கட்டும், மேரியனுடையதை நீங்கள் படியுங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.