நிலத்தோடு நிற்கும் உதவி, ஆளோடு வரும் உதவி

கேள்வி: கனடாவின் வினிபெக் நகரப் பள்ளி ஒன்றில் குடும்பத் தொடர்பாளராக வேலை செய்கிறேன். இதே மானிடோபா மாகாணத்தின் வடக்கே, ரிசர்வ் (முதற்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம்) ஒன்றிலிருந்து வந்த, கிரீ என்ற முதற்குடி இனத் தாய்க்கு உதவ முயல்கிறேன். ஆறு வயது மகனுக்குப் பேச்சுப் பயிற்சி, தாய்க்குப் பல் சிகிச்சை, குடும்பத்துக்கு வாடகை வீடு வேண்டும். மத்திய அரசு மாகாணத்தைக் காட்டுகிறது. மாகாணம் பேண்ட் அலுவலகத்தை, அதாவது ரிசர்வின் சொந்த நிர்வாக அலுவலகத்தைக் காட்டுகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: இந்த அலைக்கழிப்புக்கு வேர் 1867 அரசியல் சட்டத்தில் இருக்கிறது. முதற்குடி மக்களும் ரிசர்வ் நிலங்களும் மத்திய அரசின் பொறுப்பு. மருத்துவமனையும் பள்ளியும் சமூக நலமும் மாகாணத்தின் பொறுப்பு. நகரத்துக்குக் குடிவந்தவரை இருவருமே அடுத்தவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எனவே அலுவலகங்களின் பட்டியலை விட்டுவிட்டு ஒவ்வொரு தேவைக்கும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த உதவி நிலத்தோடு நிற்பதா, ஆளோடு வருவதா?

வாடகை முதல் வகை. ரிசர்வில் கிடைத்த வீடும் உதவித்தொகையும் அங்கேயே நின்றுவிடும். இனி மாகாணத்தின் வருமான உதவித் திட்டம்தான். பழைய தொகை எந்த மாதத்தோடு நின்றது என்று பேண்ட் அலுவலகத்திடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பல் சிகிச்சை ஆளோடு வரும். தாய் மத்திய அரசின் முதற்குடிப் பதிவேட்டில் பதிவு பெற்றவர் என்றால், பல், கண், மருந்து போன்ற செலவுகளை ஏற்கும் அந்த அரசின் என்.ஐ.எச்.பி. திட்டம் நாட்டில் எங்கிருந்தாலும் செல்லும். அந்தப் பதிவுக்கான அட்டையான ஸ்டேட்டஸ் கார்டில் உள்ள 10 இலக்க எண்ணைச் சொல்லி, நேரடியாக அத்திட்டத்துக்கே பில் அனுப்புவீர்களா என்று நேரம் குறிக்கும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். முதற்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த தனிப் பூர்வகுடியான மெட்டி மக்களுக்கு இத்திட்டம் கிடையாது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அவர்களும் மத்திய அரசின் வரம்புக்குள்தான் என்று சொன்ன பிறகும் நிலைமை அதுதான்.

சிறுவன் விஷயம்தான் சிக்கலானது. நார்வே ஹவுஸ் கிரீ சமூகத்தைச் சேர்ந்த ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் என்ற குழந்தையின் வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று இரு அரசுகளும் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. அவன் 2005-இல், ஐந்து வயதில், ஒரு நாள்கூட வீட்டில் வாழாமல் மருத்துவமனையிலேயே இறந்தான். 2007-இல் நாடாளுமன்றம் ஏற்ற ஜோர்டன் கோட்பாடு சொல்வது இதுதான்: முதலில் அணுகப்பட்ட அரசு செலவை ஏற்கட்டும், கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். ரிசர்வுக்கு வெளியே வாழும் முதற்குடிக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் 2025 முதல், இக்கோட்பாட்டின் கீழ் ரிசர்வுக்கு வெளியே இருந்து வரும் பள்ளி சார்ந்த கோரிக்கைகளை மத்திய அரசு மாகாணப் பள்ளி வாரியங்களுக்கே திருப்பிவிடுகிறது. தீர்க்க வந்த கோட்பாட்டிலேயே பழைய பந்தாட்டம் புகுந்துவிட்டது என்பது என் கருத்து. ஆகவே ஜோர்டன் கோட்பாட்டின் கீழ் மத்திய அரசுக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும் பேச்சுப் பயிற்சியாளரின் கடிதம் வகுப்பறையோடு நின்றுவிடக் கூடாது. வீட்டில் தாயிடம் பசியையோ வலியையோ சொல்ல முடிகிறதா, வாரம் எத்தனை அமர்வுகள் தேவை, தாமதித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம், உண்மையாக இருக்கும் அளவுக்கு, அதில் இருக்கட்டும். தேங்கிக் கிடக்கும் விண்ணப்பங்கள் ஏராளம். பள்ளி வாரியத்தின் காத்திருப்புப் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பிள்ளையின் முதற்குடிப் பதிவு தானாக நடக்காது, தாய்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

இத்தனையையும் ஒரே ஆள் கையில் வைத்திருக்க வேண்டும், அது நீங்களாக இருக்க வேண்டியதில்லை. நாடெங்கும் 100-க்கும் மேற்பட்ட ஃப்ரெண்ட்ஷிப் சென்டர்கள் இயங்குகின்றன. இவை நகர்வாழ் பூர்வகுடிகளே நடத்தும் உதவி மையங்கள், பதிவு அட்டை இல்லாதவருக்கும் கதவு திறப்பவை. தாயின் எழுத்துப்பூர்வ சம்மதத்துடன் அங்கே அறிமுகப்படுத்துங்கள். எந்த அலுவலகம் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள் உதவும்.