வக்கீல் பதில்கள்: போனைக் கையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: நைட் ஷிப்ட் முடிந்து எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பைக்கில் வரும்போது, ஒன்றரை மணிக்கு போலீஸார் நிறுத்தினார்கள். டிஜிலாக்கரில் லைசென்ஸைக் காட்டினேன். போனை வாங்கிய காவலர் அப்படியே வாட்ஸ்அப்புக்குப் போய் 'கஞ்சா' என்று தட்டித் தேடினார். ஒன்றும் இல்லை. அப்புறம் கேலரியைத் திறந்து, என் மனைவியின் ஸ்கேன் படம் வரை தள்ளித் தள்ளிப் பார்த்தார். இதற்கு உரிமை உண்டா?
- வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: கிடையாது. வண்டியை நிறுத்தலாம், லைசென்ஸ் கேட்கலாம். நீங்கள் காட்டியாக வேண்டும். ஆனால் லைசென்ஸ் பார்க்கக் கொடுத்த போனில் வாட்ஸ்அப்பை மேய முடியாது. விசாரணைக்காகப் போனைச் சோதிக்க நீதிமன்ற வாரன்ட் வேண்டும், அவசரமென்றால் காரணத்தை எழுத்தில் பதிந்தாக வேண்டும் என்று 2021 மார்ச்சில் நம் கர்நாடக உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உங்கள் மேல் வழக்கே இல்லையே! அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: நீதிமன்றம் உத்தரவிட்டால், 'எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல மாட்டேன்' என்று பாஸ்வேர்டை மறைக்க முடியாது.

இதற்கெல்லாம் வேர், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு. ஆதாரை எதிர்த்து அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. எண்பது வயதைத் தாண்டிய பிறகு கோர்ட் படி ஏறியவர்.

சரி, நடுரோட்டில் தீர்ப்பு பேசினால் வேலைக்கு ஆகாது. என் மகனுக்குச் சொல்லி வைத்திருப்பது இதுதான்: லைசென்ஸ் அட்டையைப் பர்ஸில் வை. டிஜிலாக்கர் செல்லும்தான், ஆனால் நாமே லாக் எடுத்து நீட்டியதுபோல் ஆகிவிடுகிறது. போனில்தான் காட்ட வேண்டுமென்றால் கையை விட்டுவிடாதே. போனைக் கேட்டால், 'யாவ கேஸு சார்?' (எந்த கேஸ் சார்?) என்று தணிந்த குரலில் கேள். கன்னடத்தில் கேட்டாலே பாதிச் சூடு இறங்கிவிடும்.

கேள்வி: தம்பி மேல் உள்ள வழக்குக்காக அல்சூரில் அக்கா வீட்டைச் சோதித்து, அவள் போனை எடுத்துப் போனார்கள். அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அதனாலேயே வழக்கு நிற்காது என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, பெங்களூரு

பதில்: அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சோதனை முறைதவறி நடந்தாலும் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1973லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை; என்னை யார் கேட்டார்கள்! சாட்சி இல்லாதது சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையை வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த வீடியோ இருக்கிறதா என்று வக்கீல் மூலம் கேளுங்கள்.

எடுத்துப்போன பொருள்களின் பட்டியல் நகலையும் வாங்குங்கள். மகஜர், அதாவது சோதனை பற்றிப் போலீஸார் எழுதும் அறிக்கை, கன்னடத்தில் இருக்கும். சரளமாகப் பேசும் நம்மவர் பலருக்குப் படிக்க வராது. வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நான் நடத்திய ஒரு வழக்கில் 'கறுப்பு மொபைல் 1' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தக் கறுப்பு மொபைல்? திரும்ப வாங்க மூன்று மாதம் அலைந்தோம். அக்காவின் போன் வந்த அட்டைப்பெட்டி வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எந்தப் போன் என்று அடையாளம் காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண் அதில் அச்சாகியிருக்கும்.