வண்டியைப் பார்த்துப் பை வாங்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் யோசனையில் நிறையப் பேர் இருப்பது கடிதங்களிலேயே தெரிகிறது. பெங்களூரிலிருந்து ஓசூர் ரோட்டைப் பிடித்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை என்று பைக்கிலேயே போகிறவர்கள் கேட்டிருப்பது எல்லாம் ஒரே விஷயம்: துணிப் பை எதை வாங்குவது, எப்படிக் கட்டுவது. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: என்னிடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது. நானும் மனைவியும் மாதம் ஒருமுறை திருவண்ணாமலைக்குப் போய் வருகிறோம், எப்போதாவது ஏற்காடு. இதுவரை எல்லாத் துணியையும் ஒரே பேக்பேக்கில் திணித்து அவர்தான் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார், இப்போது தோள் வலிக்கிறது என்கிறார். ஜே.சி. ரோட்டுக் கடைகளில் விசாரித்தால் சீட்டின் இரண்டு பக்கமும் தொங்கும் 60 லிட்டர் ஜோடிப் பை எடுங்கள், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்கிறார்கள். எடுக்கலாமா?
(அல்சூர் வாசகர்)

பதில்: இப்போதைக்கு எடுக்க வேண்டாம். கடைக்குப் போவதற்கு முன்னால் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். இடதுபக்கமும் வலதுபக்கமும் ஒரே மாதிரி இல்லை. வலதுபக்கம் சைலன்சர் நீளமாகப் பின்னால் வரை போகிறது, இடதுபக்கம் செயினும் சாரி கார்டும் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவில் தைத்த பையைத்தான் சீட்டின் குறுக்கே போட்டுத் தொங்கவிடப் போகிறீர்கள். எனவே எத்தனை லிட்டர் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், வலதுபக்கப் பையின் அடிக்கும் சைலன்சருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெறும் பையைப் போட்டுப் பார்த்தால் நாலு விரல் இடைவெளி தெரியும். அதில் ஐந்தாறு கிலோ வைத்துவிட்டால் துணி தொங்கும், ஸ்ட்ராப் கொஞ்சம் இளகும், வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது பையும் குதித்து இறங்கும், அந்த நாலு விரலும் போய்விடும். நைலான் உருகுவதற்கு 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் பையின் மேல் பூசியிருக்கும் பிவிசி அதற்கு ரொம்ப முன்னாலேயே இளகி ஒட்ட ஆரம்பித்துவிடும். பையின் அடியில் ஓரிடம் மட்டும் பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருந்தால் அது சைலன்சரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை விழும் வரை காத்திருக்கக் கூடாது, உள்ளே இருப்பது துணி, தீப்பிடித்தால் ஓட்டுகிற உங்களுக்கு உடனே தெரியாது.

இடதுபக்கம் சாரி கார்டு பையைச் சக்கரத்துக்குள் போகாமல் தாங்கும். அது சட்டப்படி வண்டியோடு வருவது; பின்சீட்டில் இருப்பவரின் உடை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி சொல்கிறது. வண்டி பார்க்க நன்றாக இல்லை என்று அதைக் கழற்றி வீட்டில் போட்டிருந்தால் பை வாங்குவதற்கு முன்னால் திரும்ப மாட்டிவிடுங்கள். ஜோடிப் பை வைக்கிறவர்கள் இரண்டு பக்கமும் சேடில் ஸ்டே போட்டுக்கொள்வதுதான் நல்லது. அது இரும்புக் குழாயில் வளைத்த ஒரு சட்டம்தான், கிளாசிக்கிற்கென்றே செய்தது கிடைக்கும், பை சக்கரத்தின் பக்கமும் சைலன்சர் பக்கமும் சாயாமல் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது பெயின்டைப் பார்க்காமல் வெல்டிங்கைப் பாருங்கள், இண்டிகேட்டரை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம், பை வாங்கப் போகும்போது மனைவியையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் ஏறி உட்கார்ந்து ஃபுட்ரெஸ்டில் கால் வைக்கட்டும். பையின் முன்விளிம்பு அவர் கெண்டைக்காலைத் தள்ளினால் அவர் பாதத்தை முன்னால் நகர்த்திப் பாதி ஃபுட்ரெஸ்டில் வைத்துத்தான் உட்கார முடியும், கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் முட்டி பிடித்துக்கொள்ளும். சீட்டின் மேல் வரும் பட்டையில் பக்கிள் இருந்தால் அது சரியாக அவர் தொடைக்குக் கீழே வரும். சீட்டைக் கழற்றி அதன் அடியில் பட்டையை விட்டுக் கட்டக்கூடிய பையாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் கடை வாசலில் வண்டியை நிறுத்தி மாட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

அளவு? இரண்டு பக்கமும் சேர்த்து 40 லிட்டர் போதும். மூன்று நாள் துணி, இரண்டு பேர் மழைக்கோட்டு, பல் துலக்கும் சாமான் வரை தாராளமாகப் போகும். 60 லிட்டர் வாங்கினால் 60 லிட்டரையும் நிரப்புவோம், மாமியார் வீட்டிலிருந்து வரும்போது இன்னும் அதிகமாக நிரப்புவோம். நிரப்பாவிட்டாலும் தளர்ந்த பை காற்றில் அடித்துக்கொள்ளும். கனமானதை அடியிலும் முன்பக்கமாகவும் வையுங்கள், இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே எடையாக இருக்கட்டும். பின்னால் கேரியரில் கனத்தை ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும், ஓசூர் மேம்பாலத்தில் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது அது தெரியும். கிளாசிக்கின் பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டிக் குறைக்க 6 படி இருக்கிறது, இரண்டு பேரும் சாமானும் என்றால் ஒன்றிரண்டு படி ஏற்றிவிடுங்கள், காற்றையும் இரண்டு பேருக்கான அளவில் வையுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் பார்த்தால் ஒன்று 600டி, ஒன்று 1000டி, ஒன்று வாட்டர்ப்ரூஃப், ஒன்று ரெயின் கவரோடு வருகிறது. விலை இரண்டு மடங்கு வித்தியாசம். மழையில் நனையாத பை எது?
(கே.ஆர். புரம் வாசகர்)

பதில்: அந்த 'டி' என்பது டெனியர், 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்ற கணக்கு. நூல் எவ்வளவு தடிமன் என்று சொல்லுமே தவிரத் தண்ணீர் உள்ளே போகுமா என்று சொல்லாது. 1000டி பாலியஸ்டரை விட 500டி நல்ல நைலான் உரசலை அதிகம் தாங்குவதும் உண்டு. தண்ணீரைத் தடுப்பது உள்பக்கப் பூச்சும் தையலும்தான். பையை உள்பக்கம் வெளியே திருப்பிப் பாருங்கள். தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா, மூலைகளில் டேப் முடிவது எங்கே? ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வழி. தையலே இல்லாமல் சூட்டில் ஒட்டிய, தார்ப்பாய் மாதிரித் துணியில் வரும் பைகள்தான் நிஜமாகவே நனையாதவை, அதிலும் வாய் சுருட்டி மூடுவதாக இருக்க வேண்டும். மூன்று சுற்று சுருட்டினால்தான் அது பிடிக்கும், வாய் வரை திணித்துவிட்டு ஒரே சுற்றோடு பக்கிள் போட்டால் ஜிப் வைத்த பைக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது.

ரெயின் கவரை நான் நம்புவதில்லை. 80-இல் போகும்போது காற்று புகுந்து பலூன் மாதிரி உப்பும், பறந்தும் போகும். அதை விடப் பெரிய பிரச்சினை, மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. பின்சக்கரம் ரோட்டுத் தண்ணீரைச் சேற்றோடு வாரி அடிப்பது பையின் சக்கரத்தைப் பார்த்த பக்கத்தில், கவரில் துணி இல்லாத பக்கம் அதுதான். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போகவும் வழி இல்லாமல் கவரின் அடியில் தேங்கி நிற்கும், பை அதில் ஊறிக்கொண்டே வரும். அக்டோபர் மழையில் தர்மபுரி பக்கம் போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஜிப் பை ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சுருட்டி மூடும் மெல்லிய உள்பை இரண்டு வாங்கி அதற்குள் துணியை வையுங்கள். ஊருக்குப் போய் இறங்கியதும் அழுக்கான வெளிப்பையை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்பையை மட்டும் உருவிக்கொண்டு வீட்டுக்குள் போகலாம், எனக்கு இந்த ஒரு வசதிக்காகவே உள்பை பிடிக்கும். எந்தப் பையாக இருந்தாலும் கிளம்புவதற்கு முன் பாத்ரூமில் ஒரு சோதனை செய்யுங்கள்: உள்ளே பழைய செய்தித்தாளை நிரப்பி மூடி, ஷவருக்குக் கீழே பத்து நிமிஷம் வைத்து, அடிப்பக்கத்தையும் திருப்பிக் காட்டுங்கள். தாள் எந்த மூலையில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் பை ஒழுகுகிறது. திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி: நான் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஓட்டுகிறேன், தனியாகவோ தோழிகளோடோ போவேன். அடுத்து கொல்லிமலை. ரேக் என்கிற இரும்புச் சட்டம் போட்டு இரண்டு பக்கமும் பெட்டி வைப்பதா, ரேக் இல்லாமல் கட்டும் பை வாங்குவதா?
(எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி)

பதில்: உங்கள் வண்டிக்கு ரேக் இல்லாத குதிரைலாட வடிவப் பைதான் சரி என்பேன். பின்சீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் ஒரே பையாக உட்காரும், பின்சீட் காலி என்பதால் இடத்துக்கும் குறைவில்லை. ஆனால் எக்ஸ்பல்ஸில் சைலன்சர் வலதுபக்கம் மேலே தூக்கி இருக்கிறது, பையின் வலதுகால் நேராக அதன்மேல்தான் வரும். வலதுபக்கம் குட்டையாகத் தைத்த பையா, அல்லது அடியில் சூடு தாங்கும் துணி வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். சைலன்சரின் மேல் இருக்கும் தகட்டை மட்டும் நம்ப வேண்டாம், தகடும் சுடும்.

மலைக்கு நான் துணிப் பையைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கால். மண்ரோட்டில் மெதுவாகச் சாயும்போது காலை ஊன்றுவோம், வண்டி அதன்மேல் வரும். அலுமினியப் பெட்டி இருந்தால் கெண்டைக்கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், துணிப் பை அமுங்கிக் கொடுக்கும். ரேக்கும் பெட்டியும் சேர்ந்து வெறும் எடையே பத்துப் பதினைந்து கிலோவைத் தொட்டுவிடும், 200 சிசி வண்டிக்கு 70 கொண்டை ஊசி ஏற்றத்தில் அது சுமைதான். பை மொத்தம் பத்து கிலோவுக்குள் இருக்கட்டும். கட்டிய பிறகு இரண்டு கையாலும் பையைப் பிடித்து ஆட்டுங்கள், பை மட்டும் தனியாக ஆடாமல் வண்டியும் சேர்ந்து ஆடினால்தான் கட்டு சரி.

கேள்வி: துணிப் பையை யாராவது கத்தியால் கிழித்துவிட்டால்?
(சிவாஜிநகர் வாசகர்)

பதில்: கிழிக்கலாம்தான், பூட்டு போட்டாலும் துணி துணிதான். ஆர்.சி. புத்தகம், பணம், லேப்டாப், மருந்து எதையும் அதில் வைக்காதீர்கள், உடம்போடு இருக்கும் சின்னப் பையில் வையுங்கள். சாப்பிட நிறுத்தினால் வண்டி கண்ணில் படுகிற மேஜையில் உட்காருங்கள். ராத்திரி பையை அறைக்கு எடுத்துப் போய்விட வேண்டும், அதனால் வாங்கும்போதே எவ்வளவு சுலபமாகக் கழற்ற முடிகிறது என்று பாருங்கள். தினமும் லேப்டாப்பும் ஹெல்மெட்டும் வைத்துப் பூட்டிவிட்டு ஆபீஸ் போக வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை துணிப் பையே இல்லை, பின்னால் ஒரு பூட்டுப் பெட்டி.

கேள்வி: பெட்ரோல் டேங்கின் மேல் வைக்கும், காந்தம் வைத்த டேங்க் பேக் வாங்கினேன், ஒட்டவே இல்லை. பை கோளாறா?
(ஜெயநகர் வாசகர்)

பதில்: பையில் ஒரு கோளாறும் இருக்காது. இப்போது பல வண்டிகளில் டேங்கின் மேல் பிளாஸ்டிக் மூடி வருகிறது, காந்தம் இரும்பில்தான் ஒட்டும். மாற்றி, பட்டை போட்டுக் கட்டும் பேக் வாங்குங்கள். மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், பை ஹார்னை அழுத்தினால் பெரியது என்று பொருள். இரும்பு டேங்க் உள்ளவர்கள் ஒவ்வொரு தடவையும் டேங்கையும் பையின் அடியையும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், நடுவில் மாட்டும் மணல் பெயின்டைக் கீறிவிடும்.

கேள்வி: கொக்கி வைத்த ரப்பர் கயிற்றில்தான் எப்போதும் பையைக் கட்டுகிறேன். மைசூர் வழியாக ஊட்டி போகப் போகிறேன், அதுவே போதுமா?
(விவேக்நகர் வாசகர்)

பதில்: போதாது. ரப்பர் இழுபடும், இழுபட்டால் பை நகரும், அவிழ்க்கும்போது கொக்கி கைநழுவினால் நேராகக் கண்ணுக்கு வரும். இழுபடாத நைலான் பட்டையில் கவ்விப் பிடிக்கும் பக்கிள் வைத்தது நாலு வாங்குங்கள், பின்சீட்டுக்காரர் பிடித்துக்கொள்ளும் கிராப் ரெயிலிலும் வண்டியின் சட்டத்திலும் மாட்டுங்கள், இண்டிகேட்டர் தண்டில் மாட்டாதீர்கள். மிச்சம் தொங்கும் நுனியை மடித்துச் செருகிவிட வேண்டும், இது மறக்கவே கூடாத வேலை. ஒரு சாண் நுனி செயினிலோ ஸ்போக்கிலோ சிக்கினால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். பை டெயில் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மறைக்காமல் இருக்கிறதா என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும், அதில் வேகத்தடைகள் உண்டு, எந்தப் பட்டையும் முதல் இருபது முப்பது கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும். பிடதியில் ஒரு டீக்கு நிறுத்தி இறுக்கிக்கொள்ளுங்கள். பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், திறந்திருக்கும் நேரத்திலும் நடுக்காட்டில் வண்டியை நிறுத்தக் கூடாது, அதனால் குண்டலுப்பேட்டையிலேயே இறங்கி நாலு பட்டையையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போங்கள்.